ஒரு வேதாகம வசனத்தை அதன் சூழலோடு வாசிப்பது எப்படி?

மனதைத் தொட்ட வசனத்தை உடனே நமக்கான வாக்குத்தத்தமாக (தேவன் தரும் உறுதிமொழியாக) எடுத்துக்கொள்வதற்கு முன், அது இடம்பெற்றுள்ள அதிகாரம் முழுவதையும் ஒரே மூச்சில், முடிந்தால் வாய்விட்டு, வாசித்துவிடுங்கள். பிறகு, யார், யாருக்கு, எந்த நிலையில் இதைச் சொன்னார் என்று கேளுங்கள்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்னும் சொற்கள், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதத்தில் வருகின்றன. விரைவில் ஊர் திரும்புவோம் என்று கள்ளத் தீர்க்கதரிசிகளால் நம்பவைக்கப்பட்டிருந்த அம்மக்களிடம், 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது 10ஆம் வசனம். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கின்றன 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள். இவற்றை விட்டுவிட்டு 11ஆம் வசனத்தை மட்டும் சுவரில் மாட்டினால், நெடுங்காலம் காத்திருப்பவர்களுக்கு அது தரும் ஆறுதலை நாம் இழந்துவிடுவோம் என்றே கருதுகிறேன்.

ஒத்த வாக்கியங்களையும் பாருங்கள்: தானியேல் 9ஆம் அதிகாரத்தில், இதே 70 ஆண்டுகளைப் பற்றி வாசித்தறிந்த தானியேல், தாமும் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர், உபவாசித்து ஜெபிக்கிறார்.

அதன்பின் ஒரு செயலைத் தீர்மானியுங்கள். விருப்பமில்லாத வேலையிடத்தில் இருப்பவர், அங்குள்ள ஒருவரின் பெயரைச் சொல்லி இன்றே ஜெபிக்கலாம். அவருடைய பணிச்சுமையில் ஒரு பகுதியை இந்த வாரமே பகிர்ந்துகொள்ளலாம்.