பாலி பிரிட்ஜ்: பாலம் விழும்போது நிறுத்தாதீர்கள்

விடுமுறை வந்தால் மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுற்றி அக்கா பிள்ளைகள் கூட்டம்தான். இந்த முறை எல்லோருக்கும் பாலி பிரிட்ஜ் பைத்தியம். 2016-இல் வந்த விளையாட்டு. இரண்டு கரை, அளவான பணம், சாலை, மரம், இரும்பு, கயிறு. பாலம் கட்டி ஓட விட்டால் வண்டி வரும். அக்கரை சேர்ந்தால் ஜெயம். எதிராளி கிடையாது, பாரமும் புவியீர்ப்பும்தான். பிள்ளைகள் தடுக்கி விழும் இடமெல்லாம் நானும் முன்பு விழுந்த இடம்தான். கயிறு இழுத்தால்தான் தாங்கும், அமுக்கினால் தாங்காது என்பது போன்றவை ஆடத் தொடங்கியதுமே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழத் தொடங்கியதுமே நிறுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். லாரி நடுப்பாலத்துக்கு வருகிறது, தளம் தொய்கிறது, எங்கோ ஒரு கட்டை ஒடிகிறது. அந்த நொடியே பையனின் விரல் நிறுத்தும் பொத்தானில். அப்புறம் தொய்ந்த இடத்துக்குக் கீழே மரமாக அடுக்குகிறான். பணம் கரைகிறது, பாலம் மறுபடி விழுகிறது.

"மக்களே, எது முதல்ல ஒடிஞ்சுது?"

"தெரியல மாமா, எல்லாம் சேர்ந்து விழுந்துட்டு."

எல்லாம் சேர்ந்து விழவே விழாது. ஒன்று முதலில் ஒடியும். அது சுமந்த பாரம் பக்கத்துக் கட்டைக்குப் போகும், அதுவும் ஒடியும், கண்மூடித் திறப்பதற்குள் அத்தனையும் ஆற்றில். அந்த முதல் கட்டையைப் பார்க்காதவனுக்கு விழுந்த பாலத்தால் ஒரு பயனும் இல்லை.

அவனை மறுபடி ஓட விடச் சொன்னேன், கையை மடியில் வைத்துக்கொண்டு. பாரம் ஏற ஏறக் கட்டைகள் பச்சையிலிருந்து சிவப்பாக மாறுவதைக் காட்டும் வசதி இதில் உண்டு, அதைப் போட்டுக்கொண்டோம். நடுவில் தளம் தொய்ந்தது உண்மைதான். ஆனால் முதலில் சிவந்து ஒடிந்தது இடது கரையோரம் சாய்வாகப் போட்டிருந்த கட்டை. இப்படிக் கட்டும் பாலத்தில் பாரமெல்லாம் கடைசியில் கரைக்குத்தான் போய்ச் சேர வேண்டும், அதனால் கரையோரச் சாய்வுக் கட்டைக்குத்தான் அதிக வேலை. நடுவில் அவன் அடுக்கிய மரம் அத்தனையும் அந்தக் கட்டைக்குக் கூடுதல் சுமை. அதை மட்டும் இரும்பாக மாற்றினான். லாரி போய்விட்டது. அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! இந்த விளையாட்டின் ருசியே இதுதான்: ஏன் விழுந்தது என்ற பதில் திரையிலேயே கிடக்கும், பார்க்கப் பொறுமை இருந்தால் போதும்.

ஒடியும் நேரத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். வண்டி ஏறுவதற்கு முன்பே ஒடிந்தால் பாலத்துக்குத் தன் எடையே தாங்கவில்லை. மேலும் மரம் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் விழும். அப்புறம், ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை மாற்றிவிட்டு வண்டி போனால், எதனால் போனது என்று யாருக்குத் தெரியும்?

சதுரத்தை அப்படியே விடுவது

நான்கு கட்டையால் சதுரம் கட்டினால், மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கட்டை போடுங்கள். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது.

எங்கும் தூண் தேடுவது

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலம் என்றால் மாத்தூர் தொட்டிப் பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களில் நிற்கிறது அது. பாலி பிரிட்ஜில் நினைத்த இடத்தில் தூண் நட முடியாது, சில நிலைகளில் (லெவல்களில்) கீழே படகு வேறு போக வேண்டும். அதனால் நான் கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தைக் காட்டுகிறேன். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர், கடலில் இடைத்தூண் இல்லை. மேலே வில்போல் வளைவு, அதிலிருந்து தளம் தொங்குகிறது. வளைவின் இரு முனைகளும் விரிந்துவிடாமல் அந்தத் தளமே நாண்போல் இழுத்துப் பிடிக்கிறது. நீளமான நிலைகளில் இப்படி ஒரு வளைவைப் போட்டுப் பாருங்கள்.

யூடியூப்

விடையைப் பார்த்தால் அந்த நிலை அத்தோடு போச்சு.

முதலிலேயே சிக்கனம் பிடிப்பது

பணத்துக்குள் எப்படியாவது வண்டியை அக்கரை சேர்த்துவிடுங்கள், பாலம் அசிங்கமாக இருந்தாலும் சரி. குறைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. வண்டி போகும்போது கடைசிவரை பச்சையாகவே இருக்கும் கட்டை எது என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட விடுங்கள்.