பிளைவுட் படகை நடுவில் அறுத்து 2 அடி நீட்டுவது எப்படி?

வீட்டிலேயே கட்டிய பிளைவுட் படகு தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நாளில் எல்லோருக்கும் வருகிற குறை ஒன்றுதான்: இடம் போதவில்லை. இரண்டு பேர் என்றால் சரி. மூன்றாவது ஆளும் வலையும் ஏறினால் படகு அமுங்கி, தண்ணீர் விளிம்பை எட்டிப் பார்க்கிறது. இதற்காகப் புதுப் படகு கட்ட வேண்டியதில்லை. பிளைவுட் படகை நடுவில் அறுத்து, இடையில் ஒரு துண்டு வைத்து நீட்டலாம். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் ஒரு படகு கட்டி முடித்த கைக்கு இது கண்டிப்பாக வரும்.

இங்கே எடுத்துக்கொள்வது 12 அடி நீளமுள்ள, அடி தட்டையான படகு. 6 மி.மீ. மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் வகை), அதாவது தச்சர் கணக்கில் 2 நூல். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் எபாக்சி போன்ற ரெசினும் (ஹார்ட்னர் கலந்தால் இறுகும் பிசின்) ஃபைபர் துணியும் போட்டுக் கட்டிய வகை. 1963ல் இங்கிலாந்தில் வந்த மிரர் டிங்கி என்ற சிறிய பாய்ப் படகு இந்த முறையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. நம் பக்கம் 1980களில் குமரி மாவட்டம் முட்டத்தில் மரைன் பிளைவுட்டில் வள்ளம் கட்ட ஆரம்பித்தார்கள். இந்த வகையில் பலம் ஆணியில் இல்லை, ஒட்டில் இருக்கிறது. அதனால்தான் அறுத்த இடத்தை முறையாக ஒட்டினால் பழைய பலம் திரும்பக் கிடைக்கிறது.

முதலில் குறை எது என்று பாருங்கள்

படகு ஆடுகிறது என்பது உங்கள் குறையானால், நீளம் பெரிதாக உதவாது. ஆட்டத்தை அடக்குவது அகலம். அகலத்தை 10 சதவீதம் கூட்டினால் கவிழாமல் தாங்கும் திறன் ஏறக்குறைய 33 சதவீதம் கூடும், நீளத்தை 10 சதவீதம் கூட்டினால் அதே 10 சதவீதம்தான். ஆனால் அகலம் கூட்ட எல்லாப் பலகையும் வளைவு மாற வேண்டும். அதற்குப் புதுப் படகே கட்டிவிடலாம், நேரமும் பணமும் மிச்சம்.

அலை உள்ளே அடிக்கிறது என்றால் பக்கப் பலகையை 8 முதல் 10 செ.மீ. உயர்த்தினால் போதும். அதற்கு மேல் போனால் காற்று பிடித்துத் தள்ளும்.

எடை தாங்கவில்லை, கால் நீட்ட இடமில்லை என்றால் மட்டும் நீளம் கூட்டுங்கள். எவ்வளவு கிடைக்கும்? நடுப்பகுதியில் அடிப்பலகை அகலம் 110 செ.மீ., படகு தண்ணீரில் அமுங்கும் ஆழம் 12 செ.மீ., செருகும் துண்டு 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.60 × 1.10 × 0.12 என்றால் 0.079 கன மீட்டர், அதாவது 79 லிட்டர். நல்ல தண்ணீரில் அது 79 கிலோ தூக்கும். புதுப் பலகை, ஒட்டு, சட்டம் எல்லாம் சேர்த்து 12 கிலோ போகட்டும். மீதி 65 கிலோ சொச்சம். ஒரு ஆள் கூடுதல், அவ்வளவுதான். இரண்டு ஆள் ஏற்றலாம் என்று நினைத்து இந்த வேலையில் இறங்காதீர்கள்.

12 அடிப் படகுக்கு 2 அடிக்கு மேல் நான் சொல்லமாட்டேன். நீளம் கூடக் கூட அலை மேல் ஏறும்போது நடுவில் முறிக்கப் பார்க்கும் விசையும் கூடும், 6 மி.மீ. பலகைக்கு ஓர் எல்லை உண்டு. பதிவு செய்த படகு என்றால் சான்றிதழில் நீளம் எழுதியிருக்கும். ரம்பத்தை எடுப்பதற்கு முன் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பழைய உடம்பைச் சோதியுங்கள்

சுத்தியலின் கைப்பிடியால் அடிப்பலகை முழுக்கத் தட்டுங்கள். ‘டக் டக்’ என்று கேட்டால் சரி. மந்தமாகக் கேட்கிற இடத்தில் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி சுலபமாக இறங்கினாலோ உள் அடுக்கு கறுத்திருந்தாலோ அந்த இடம் உளுத்துவிட்டது. அதை முதலில் வெட்டி மாற்றுங்கள். அங்கங்கே பல இடத்தில் அப்படி இருந்தால் நீட்டுகிற யோசனையையே விட்டுவிடுங்கள்.

படகு எந்த ரெசினில் கட்டியது, எபாக்சியா பாலியெஸ்டரா என்பதும் தெரிய வேண்டும். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி ஒட்டும், எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. மரத்தோடும் பாலியெஸ்டரின் பிடி குறைவுதான். அதனால் பழையது எதுவாக இருந்தாலும் இந்த வேலைக்கு எபாக்சிதான். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை பார்த்து வாங்குங்கள். 8×4 ஷீட் ஒன்றே போதும்.

கோடு போடுவதுதான் பாதி வேலை

அறுப்பது பத்து நிமிட வேலை. அதற்கு முன் போடுகிற கோடுகளுக்கு ஒரு நாளே போனாலும் பரவாயில்லை. படகைக் கரையேற்றும் முன், வழக்கமான ஆட்கள் ஏறினால் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துவையுங்கள், கடைசியில் ஒப்பிட அது வேண்டும்.

இரண்டு நேரான சட்டங்களைத் தரையில் ரசமட்டம் பார்த்து வையுங்கள். படகைக் கவிழ்த்து அதன் மேல் ஏற்றுங்கள். அணியத்தின் (படகின் முன்முனை) நுனியிலிருந்து பின்பலகையின் நடுப்புள்ளி வரை நூல் இழுத்து, அடிப்பலகையில் நடுக்கோடு அடியுங்கள். இரண்டு பக்கப் பலகைகளிலும் ரசமட்டத்துக்கு ஒரு நீளக்கோடு. படகு இரண்டாகப் போன பிறகு இந்த மூன்று கோடுகளை நம்பித்தான் சேர்க்கப் போகிறீர்கள், பென்சில் அழியும், மார்க்கரில் போடுங்கள். அணிய நுனியிலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைகளுக்கும் தூரம் அளந்து எழுதிவையுங்கள்.

எங்கே அறுப்பது? படகு மிக அகலமாக இருக்கிற இடத்தில். அங்கேதான் இரண்டு பக்கமும் விரிவதை நிறுத்திக் குறுக ஆரம்பிக்கின்றன, அந்த ஓரிடத்தில் பக்கப் பலகைகள் நடுக்கோட்டுக்கு இணையாக ஓடும். அங்கே நேரான துண்டு செருகினால் வளைவு உறுத்தாது. ஒரு சாண் தள்ளி அறுத்தால் செருகிய இரண்டு முனையிலும் முழங்கை போல மூலை தெரியும், தண்ணீரும் அங்கே சுழிக்கும். மேல் விளிம்பு அதிகம் அகலமான இடமும் அடிப்பலகை அதிகம் அகலமான இடமும் சில படகில் கொஞ்சம் விலகியிருக்கும். அப்போது அடிப்பலகைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் இருப்பது அதுதானே.

அறுத்தல்

நடு இருக்கையைக் கழற்றுங்கள். மேல் விளிம்புச் சட்டத்தை முழு நீளத்துக்கும் எடுத்துவிடுங்கள். பழையதை வெட்டி ஒட்டுப்போடுவதைவிட, 14 அடிக்கும் ஒரே சட்டமாகப் புதிதாக ஓடவிடுவது எவ்வளவோ பலம். அறுக்கும் கோட்டுக்கு இருபுறமும் ஓர் அடி தள்ளி, படகின் குறுக்கே தற்காலிகமாக ரீப்பர் அடித்து அகலத்தைக் கட்டிப்போடுங்கள். இல்லாவிட்டால் அறுத்ததும் பக்கங்கள் விரிந்துகொள்ளும்.

மெல்லிய பல் பிளேடு போட்ட ஜிக்சா போதும். உள்ளே நடுவில் குறுக்குச் சட்டம் இருந்தால் அதை முன்பாதியோடு விட்டு, அதற்கு 10 செ.மீ. பின்னால் அறுங்கள். மூட்டின் உட்புறம் ஒட்டுப்பட்டை வைக்க அந்த இடம் வேண்டும்.

பின்பாதியை 60 செ.மீ. பின்னால் நகர்த்துங்கள். நடுக்கோட்டில் மறுபடி நூல் இழுங்கள், பக்கக் கோடுகளை ரசமட்டம் பாருங்கள், மூலை தூரங்களை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாகக் கூடியிருக்க வேண்டும். கடைசியாக நீளமான ரீப்பரைப் பக்கப் பலகை மேல் வளைத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாகப் பாருங்கள். ரீப்பருக்கும் பலகைக்கும் நடுவில் சந்து தெரிந்தால் பாதிகளை நகர்த்திச் சரிசெய்யுங்கள். திருப்தியானதும் இரண்டு பாதியையும் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்குங்கள்.

துண்டு செருகி ஒட்டுதல்

அட்டையில் வடிவம் எடுத்து, அதை வைத்துப் பிளைவுட்டை வெட்டுங்கள். மேல் அடுக்கின் மரநார் படகின் நீளவாக்கில் ஓட வேண்டும். அடிப்பலகை முதலில், பக்கங்கள் பிறகு. அடிப்பலகையின் மூட்டும் பக்கப் பலகையின் மூட்டும் ஒரே கோட்டில் வராமல் இருந்தால் நல்லது. அதற்குப் பக்கத் துண்டை முன்னும் பின்னும் 10 செ.மீ. நீளமாக வெட்டி, பழைய பக்கப் பலகையில் அந்த அளவு கழித்துவிடுங்கள்.

மூட்டுக்கு உட்புறம் அதே 6 மி.மீ. பிளைவுட்டில் 15 செ.மீ. அகல ஒட்டுப்பட்டை. பட்டையின் ஓரத்தைச் சாய்வாக இழைத்தால் தண்ணீர் தங்காது. மூலையில் 4 செ.மீ. இடம் விட்டு நிறுத்துங்கள். முதலில் ஒட்டு இல்லாமல் எல்லாவற்றையும் திருகாணியில் பூட்டிப் பார்த்து, கழற்றி, பிறகு ஒட்டுங்கள். ஒட்டும் இடங்களில் பழைய பெயின்டைச் சுரண்டி மரம் தெரிய வேண்டும். வெறும் எபாக்சியை ஒரு கை பூசி மரம் குடிக்க விடுங்கள், வெட்டு முனை நிறையக் குடிக்கும். அதன் மேல் பவுடர் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியைத் தடவிப் பூட்டுங்கள். திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கினால் ஒட்டு முழுக்க வெளியே பிதுங்கி, மூட்டுக்குள் ஒட்டே இல்லாமல் போகும்.

பாலியெஸ்டரில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சீக்கிரம் இறுக ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டுவோம். எபாக்சியில் அது நடக்காது. ரெசினும் ஹார்ட்னரும் கலக்கும் அளவு டின்னில் 2:1 என்றால் 2:1, 5:1 என்றால் 5:1. கூட்டினாலும் குறைத்தாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். நம் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்ட்னர் வாங்குங்கள். கலந்ததைக் கோப்பையிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகையும், உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். பூச்சு வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மரம் சூடேற ஏற அதனுள் இருக்கும் காற்று வெளியேறிப் பூச்சில் குமிழி கிளம்பும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இந்த வேலையே வேண்டாம். கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள், தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

இறுகியதும் வெளிப்புறத்தில் மூட்டின் இருபக்கமும் 5 செ.மீ. அளவுக்கு லேசாகப் பள்ளம் தேய்த்து, 10 செ.மீ. அகல ஃபைபர் துணி ஒன்று, அதன் மேல் 15 செ.மீ. ஒன்று. அப்புறம் மூலைகள்: உள்ளே கெட்டி எபாக்சியை உருண்டை விளிம்புள்ள பட்டையால் குழிவாக இழுத்து, அது முழுக்க இறுகும் முன் துணியை ஒட்டுங்கள். புதுத் துணி பழைய துணி மேல் இரண்டு பக்கமும் ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும்.

சட்டங்கள், பூச்சு

இரண்டு மூட்டுக்கும் நடுவில் ஒரு புதுக் குறுக்குச் சட்டம். விளிம்புச் சட்டத்துக்கு 14 அடியில் ஒரே மரம் கிடைக்காது, இரண்டு மரத்தின் முனைகளைச் சரிவாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக, அதாவது சாய்வெட்டில், ஒட்டி ஒரே சட்டமாக்கிக்கொள்ளுங்கள். சட்டம் 2 செ.மீ. தடிமன் என்றால் சாய்வு குறைந்தது 20 செ.மீ. இருக்கட்டும். அந்த ஒட்டு பலகை மூட்டுக்கு நேராக வரக்கூடாது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டமும் இரண்டு மூட்டையும் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடட்டும். நடுவில் முறிக்கும் விசையைத் தாங்கப் போவது இரண்டு விளிம்புச் சட்டங்களும் இந்த அடிச்சட்டமும்தான்.

எபாக்சி காய்ந்ததும் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். முதலில் தண்ணீரும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவுங்கள், அப்புறம் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகு உள்ளே ஏறி, அடுத்த பூச்சு உரியும். வெயில் எபாக்சியைத் தின்றுவிடும் என்பதால் கடைசியில் பெயின்ட் அவசியம்.

தண்ணீரில் இறக்கிப் பார்த்தல்

ஆளில்லாமல் இறக்கி, சில மணி நேரம் மிதக்கவிட்டு மூட்டுகளை உள்ளே கை வைத்துத் தடவிப் பாருங்கள். பிறகு வழக்கமான ஆட்கள் ஏறி, நீர்மட்டம் நிற்கும் இடத்தை பென்சிலால் குறியுங்கள். அறுப்பதற்கு முன் குறித்த பழைய கோட்டுக்குக் கீழே இருக்கும். இப்போது 20 லிட்டர் குடிநீர் கேன்களை ஒவ்வொன்றாக நடுவில் ஏற்றுங்கள். மூன்றாவது கேனில் பழைய கோடு வந்துவிட்டால் கணக்கு சரி.

கேன்களை முன்னும் பின்னும் நகர்த்தி, அணியமும் பின்பலகையும் சமமாக நிற்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். நடு இருக்கையை அங்கே பொருத்துங்கள், பழைய இடத்தில் வேண்டாம். துடுப்புக் கொண்டியை (துடுப்பைத் தாங்கிப் பிடிப்பது) இருக்கையின் பின்பலகைப் பக்க ஓரத்திலிருந்து 30 செ.மீ. பின்னால் தள்ளி, முதலில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். கொஞ்ச தூரம் வலித்துப் பார்த்து, கை முழுக்க நீண்டு மடங்க இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு திருகாணிக்குத் துளை போடலாம்.