பங்கோர் மீனவர் கம்பத்தின் வரலாற்றை எழுதும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சித்தியவான், ஆயர் தாவார் தோட்டப்புறத்து மாணவர்கள் வட்டார வரலாற்றுக் கட்டுரைக்கு அம்மாநிலக் கரையோரத்துப் பங்கோர் தீவைத் தேர்ந்தெடுத்தால், முதலில் வரைபடத்தை விரித்து அதன் இரு கரைகளையும் ஒப்பிட வேண்டும். அலை அடங்கிய கிழக்குக் கரை பெருநிலத்தைப் பார்த்திருப்பதால், சுங்கை பினாங் கெச்சில் போன்ற மீனவர் கம்பங்களும் (சிற்றூர்களும்) படகுத்துறைகளும் நெத்திலி காயவைக்கும் களங்களும் அங்கேதான் அமைந்தன. மேற்குக் கரைச் சுற்றுலாவுக்கு இரண்டு வரி போதும்.

பெருநிலத்துத் துறைமுகமான லுமுட்டில் படகேறிச் சென்றதும், தெலுக் கெடுங்கில் உள்ள டச்சுக் கோட்டையில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். பேராக் ஈயத்தைச் சேமிப்பதற்காக 1670இல் எழுப்பப்பட்டு, 1690இல் உள்ளூர் மக்களால் தாக்கப்பட்டு, 1743இல் மீண்டும் கட்டப்பட்ட அதன் செங்கற்சுவர்களைப் படமாக வரைந்துகொண்டு, அருகிலுள்ள எழுத்துப் பாறையில் டச்சுக் கம்பெனியின் சின்னத்தையும் அதே 1743ஆம் ஆண்டையும் தேடிப் பாருங்கள்.

அடுத்து ஆங்கிலேயர் காலம். 1826இல் பேராக் இத்தீவை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. ஆங்கிலேயர் பேராக் மலாய்த் தலைவர்களுடன் செய்த 1874 ஜனவரி 20 பங்கோர் ஒப்பந்தம் தீவின் மண்ணில் கையெழுத்தானது என்று எழுதிவிடாதீர்கள். அது கரைக்கு அப்பால் நின்ற புளூட்டோ கப்பலில் நடந்தது. அதன்படி ராஜா அப்துல்லா பேராக்கின் சுல்தானாக ஏற்கப்பட்டார். பேராக்கிற்கு ஆட்சிக்கு ஆலோசனை சொல்லும் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஒருவரும் வந்தார். திண்டிங்ஸ் என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய ஆங்கிலேயக் காலனியோடு) இருந்த இப்பகுதி 1935இல்தான் பேராக்கிடம் திரும்பியது.

கம்பத்துப் பெரியவர்களிடம் ஆண்டுகளைக் கேட்காமல், வலையின் வகை, படகின் எஞ்சின், மீன் வாங்கும் தவுக்கே (சீன முதலாளி) ஆகியவை எப்படி மாறின என்று கேளுங்கள்.