எத்தனால் ஆலைச் சக்கையைப் பன்றித் தீவனத்தில் சேர்ப்பது எப்படி?

எத்தனால் ஆலையில் தானியத்தை நொதிக்கவைத்தபின் மிஞ்சும் சக்கை மூட்டையாக வந்து இறங்கியதும் ஒரு கை அள்ளி வெள்ளைத்தாளில் பரப்பிப் பார்ப்பேன். பொன்மஞ்சளாக, லேசான புளித்த மாவு வாசனையோடு இருந்தால் உள்ளே போகும். காப்பித்தூள் நிறத்தில் கருகல் வாடை அடித்தால் அப்படியே திரும்பும். இந்தப் பழக்கம் சூடுபட்டு வந்தது. ஒருமுறை அட்டையில் புரதம் 28% என்று போட்டிருந்ததை நம்பிக் கறுத்த சரக்கை வாங்கினேன். உலர்த்தும்போது சூடு மிஞ்சினால் லைசின் என்ற புரதக்கூறு சர்க்கரையோடு பிணைந்துவிடும், பன்றிக்குப் பயன்படாது. அட்டையில் புரதம் குறையவில்லை. என் பன்றிகள்தான் எடை போடவில்லை.

ஆலையில் மாவுச்சத்து மட்டும்தான் எத்தனாலாகப் போகிறது. புரதம், எண்ணெய், நார் எல்லாம் தானியத்தில் இருந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்காகச் சக்கையில் நிற்கும். நொதித்ததால் பாஸ்பரஸும் எளிதில் செரித்துப் பன்றியின் உடம்பில் சேரும். ஆனால் தானியத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அதுவும் மூன்று மடங்குதான். அதனால் நஞ்சுப் பரிசோதனை அறிக்கை இல்லாத சரக்கை நான் தொடுவதில்லை.

சரி, கலவைக்கு வருவோம். 1 டன் தீவனத்தில் 100 கிலோ உலர்ந்த மக்காச்சோளச் சக்கையும் 1.5 கிலோ சுண்ணாம்புத்தூளும் சேர்த்தால், மக்காச்சோளத்தில் 88.5 கிலோ, சோயா புண்ணாக்கில் 10 கிலோ, பாஸ்பரஸுக்காகப் போடும் டைகால்சியம் பாஸ்பேட்டில் 3 கிலோ குறைக்கலாம். கவனியுங்கள், மிச்சமாவது பெரும்பாலும் மக்காச்சோளம். புரதம் 27% இருக்கிறதே என்று சோயாவை அள்ளி வெளியே எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் தனியாக லைசின் போட வேண்டும், டிரிப்டோபான் என்ற இன்னொரு புரதக்கூறையும் சரிபார்க்க வேண்டும். அரிசிச் சக்கையில் புரதம் 40 சதவீதத்தைத் தாண்டும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பால் மறந்த குட்டிகளுக்கு முதல் மூன்று வாரம் வேண்டாம். வளரும் பன்றிக்கு 10 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றி 20 சதவீதத்தில் நிறுத்துவேன். 30 வரை போகலாம் என்பார்கள். லைசின் கணக்கு துல்லியமாக இருந்தால் போகலாம்தான். திடீரென்று மாற்றினால் தொட்டியை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், பன்றிக்கு நாக்கு நீளம். சினைப் பன்றிக்கு நார் பிரச்சினையில்லை, 40 சதவீதம்கூடத் தாங்கும். ஆனால் சில பூஞ்சை நஞ்சுகள் முதலில் தெரிவதும் இனப்பெருக்கத்தில்தான். இளம் பெண் பன்றிகளின் பிறப்புறுப்பு காரணமில்லாமல் வீங்கினால் அன்றே அந்தச் சரக்கை நிறுத்துங்கள்.

அறுப்புக்கு நான்கு வாரம் முன்பு சக்கையை முழுக்க எடுத்துவிடுவேன். மக்காச்சோள எண்ணெய் கொழுப்பை இளக்கிவிடும். குளிர வைத்த பிறகும் வயிற்றுத் துண்டு கையில் துணி மாதிரி தொங்கும், வெட்டுகிறவர் முகம் சுளிப்பார். நார் அதிகம் தின்ற பன்றிக்குக் குடல் கனமாக இருப்பதால் கறி விழுக்காடும் சற்றுக் குறையும். அதற்கும் இந்த இடைவெளி உதவும்.

ஈரச் சக்கை கிடைத்தால் வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். அதற்குமேல் பூசணம் பிடித்துவிடும்.