வேம்பூர்ச் செம்மறி ஆடு வளர்ப்பு: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள வேம்பூரின் பெயரைக் கொண்ட இந்தச் செம்மறி, வெள்ளை உடலில் செந்நிறத் திட்டுகள் படர்ந்திருப்பதால் 'பொட்டு ஆடு' என்றும் அழைக்கப்படுகிறது. இது இறைச்சிக்கான இனம். வளர்ந்த கிடா ஏறத்தாழ 35 கிலோவும் பெட்டை 28 கிலோவும் இருக்கும். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் என்பதால், பிறந்த குட்டியைக் காப்பாற்றுவதில்தான் இதன் இலாபம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் 20 பெட்டைகளும் ஒரு கிடாவும் போதும். அவற்றைச் சந்தையில் வாங்காமல், மந்தை வைத்திருப்பவரின் பட்டிக்கே சென்று வாங்குங்கள். சந்தைக்கு வரும் பெட்டைகளில் சினை பிடிக்காமல் கழிக்கப்பட்டவையும் கலப்பினங்களும் இருக்கக்கூடும். கிடாவுக்குக் கொம்பு இருக்க வேண்டும், பெட்டைக்கு இருக்கக் கூடாது. பால்பற்கள் விழுந்து இரண்டு அல்லது நான்கு நிலைப்பற்கள் முளைத்த இளம் பெட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கிப் பாருங்கள்: உட்புறம் சிவந்திருந்தால் நல்லது, தாள் போல வெளிறியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, கையில் பணம் இருக்கும்போதே கணக்கைப் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு 17 பெட்டைகள் ஈன்று, 15 குட்டிகள் பிழைத்து, அவற்றில் 4 பெட்டைக் குட்டிகளை மந்தைக்கே நிறுத்திக்கொண்டால், விற்பனைக்கு 11 மிஞ்சும். ஒரு குட்டிக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரவு 66,000 ரூபாய். இதில் மேய்ப்புக் கூலி, தீவனம், மருந்துச் செலவுகளைக் கழிக்க வேண்டும். இன்னும் மூன்று குட்டிகள் இறந்தால் 18,000 ரூபாய் போய்விடும்; செலவோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். கூலிக்கு ஆள் வைத்து 20 ஆடுகளை மேய்த்தால் கட்டுபடியாகாது என்பதே என் கருத்து. வீட்டில் ஒருவர் மேய்க்க வேண்டும்.

ஆகவே ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் சேறு குளம்பிடுக்கில் அப்பிப் புண்ணாக்கும் என்பதால், பட்டியை மேட்டில் அமைத்துச் சரளை பரப்புவது அவசியம். இளங்குட்டிகளை இரவில் கொடாப்பில் (கவிழ்த்து மூடும் பெரிய கூடையில்) அடைக்கலாம்.

விற்பனைக்கு எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை இருக்கிறது. துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர்கள் விலை பேசும் இடத்தில் புதியவர் ஏமாறாமல் இருக்க, முந்தைய நாளே ஆட்டை எடைபோட்டு, கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு செல்ல வேண்டும். கிடாக்களைப் பக்ரீத்தை ஒட்டி விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். அறுவடை முடிந்த நிலங்களில் கிடை போடுவதாலும், அதாவது எருவுக்காக மந்தையை இரவில் அங்கே தங்கவைப்பதாலும், சிறு வருமானம் வரும்.

இனம் அரிது என்பதற்காகக் கறிக்கடையில் ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டார்கள்; மந்தை தொடங்க வருபவர்தான் தருவார். அவர் நம்பி வாங்க, ஒவ்வொரு குட்டிக்கும் தாய், தந்தை, பிறந்த நாள், மாத எடை ஆகியவற்றை நோட்டில் எழுதி வையுங்கள். கிடா தன் மகள்களோடே சேர்ந்துவிடாதபடி, அவை பருவத்துக்கு வருமுன், இரண்டு ஆண்டுக்குள் அதை மாற்றிவிடுங்கள். முதல் ஆண்டுப் பெட்டைக் குட்டிகளில் சிறந்த நான்கை, எவ்வளவு விலை கேட்டாலும் கொடுக்காதீர்கள்.