ஹெவி லைசென்ஸுக்குப் பணம் கட்டும் முன்

மாதவரத்தில் எங்கள் தெருப் பையன்கள் ஹெவி லைசென்ஸ் (கனரக வாகன உரிமம்) எடுத்து லாரி ஓட்டக் கிளம்பும்போது கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, மொத்தமா எவ்வளவு ஆகும்?" பெரும்பாலும் தவறு இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மணி நேரம் ஸ்டீயரிங் நம் கைக்கு வரும் என்பதைத்தான்.

என் தம்பி இதில் பட்ட பாடு எனக்கு மறக்காது. குறைந்த தொகை சொன்ன ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். ஒரே லாரியில் ஆறு பேர் ஏறுவார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் வேலை கேட்டுப் போன இடத்தில், லோடு வண்டியை ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னபோது கை நடுங்கிவிட்டது. அப்புறம் ஒரு வருடம் கிளீனராகப் போய்த்தான் தொழில் கற்றான். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்காக 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளில், கனரக வாகனப் பயிற்சி 38 மணி நேரம், ஆறு வாரம். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலிவு என்று நாம் வாங்குவது எவ்வளவு குறைச்சல் என்று தெரியும்.

அரசுக் கட்டணம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு (பழகுநர் உரிமம்) 150 ரூபாய், ஓட்டுத் தேர்வுக்கு 300, இருக்கும் லைசென்ஸில் புது வகை சேர்க்க 500. மேலே சிறிய சேவைக் கட்டணங்கள் வரலாம். பள்ளி கேட்கும் மிச்சப் பணமெல்லாம் வண்டி, டீசல், சொல்லிக்கொடுப்பவர் சம்பளம். ஆகவே இரண்டையும் தனித்தனியாக எழுதி ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ஹெவி எடுக்க வயது 20 ஆகியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமும் முடிந்திருக்க வேண்டும். பலர் அந்த வருடத்தை எல்.எல்.ஆர். தேதியிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். அது செல்லாது, லைசென்ஸ் தேதிதான் கணக்கு. அந்த ஒரு வருடத்தைச் சும்மா கழிக்காதீர்கள். சுமையோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. கோயம்பேடு மார்க்கெட்டுக்குச் சின்ன வண்டியில் லோடு அடித்தால் சம்பளமும் வரும், கையும் பழகும். ஆனால் அதே தைரியத்தில் பெரிய லாரியைத் தொட்டுவிடாதீர்கள். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தகராறு வேறு.

பணம் கட்டிய பிறகு கண் டாக்டரிடம் போய், பார்வையில் குறை என்று தெரிந்தால் கட்டிய பணம் வீண்தான். மருத்துவச் சான்றிதழில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா, கடுமையான நிறக்குருடு இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குத் தேதி எடுத்துவிடுங்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் டேங்கர் வேலைக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஹெவி மட்டும் போதாது. பெட்ரோல், கேஸ் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றத் தனிப் பயிற்சியும், லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.