கயாக்கிலிருந்து ரெட்ஃபிஷ்: வாலைப் பார்த்து வீசுதல்

டெக்சாஸின் தென்கரையில், பாட்ரே தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் லகூனா மாத்ரே என்னும் உப்பங்கழியில் பல இடங்களில் நீர் முழங்காலளவே இருக்கும். விசைப்படகு அங்கே நுழைந்தால் அதன் விசிறி கடற்புல்லை வேரோடு பிடுங்கிவிடும். அது அம்மாநிலத்தில் குற்றமும்கூட. ஆகவே அந்த நீருக்குத் துடுப்பால் செலுத்தும் குறுகிய சிறுபடகான கயாக்கே ஏற்றது.

ரெட்ஃபிஷ் நம் கடலோரத்துக் கத்தாளைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்பு நிற உடல், வாலடியில் கரும்பொட்டு, சற்றுக் கீழ்நோக்கிய வாய். நண்டையும் இறாலையும் தேடித் தலைகுப்புறப் புல்லைக் கிளறுவதால், ஆழமற்ற நீரில் அதன் வால் வெளியே எழும்பி நிற்கும். புதியவர்கள் பெரும்பாலும் வீசப் பழகுவதிலேயே நாளைக் கழிக்கிறார்கள். முதலில் பழக வேண்டியது அந்த வாலைக் காண்பதுதான்.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 12 அடிக் கயாக், அதை நிறுத்த ஓர் ஊன்றுகோல், உயிர்காப்பு அங்கி, ரீல் எனும் நரம்பு சுற்றும் உருளை பொருத்திய 7 அடித் தூண்டில் கோல், 10 முதல் 15 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் நுனியில் இரண்டடி நீளத்துக்கு 20 பவுண்டு தலைநரம்பு, புல்லில் சிக்காதபடி முள்ளுக்குக் கம்பித் தடுப்பு வைத்த கால் அவுன்ஸ் தங்கநிற ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) ஆகியவை போதும். நீரின் கண்கூச்சத்தைத் தணிக்கும் போலராய்டு கண்ணாடியை மட்டும் மறக்கக் கூடாது. துடுப்பையும் கயிற்றால் பிணைத்துக்கொள்ளுங்கள். முதல் மீனைப் பிடித்த மகிழ்ச்சியில் என் துடுப்பு காற்றோடு போனதை நான் அரைமணி நேரம் கழித்தே கவனித்தேன்.

வெயில் முதுகில் விழுமாறு, காற்றே கயாக்கைத் தள்ளுமாறு மெல்ல நகருங்கள். துடுப்பு படகின் விளிம்பில் ஒருமுறை தட்டினாலும் மீன் விலகிவிடும். நீரில் அசைவு தெரிந்தால் எந்த மீன் என்று பாருங்கள்: மடவைக் கூட்டம் துள்ளிச் சிதறும். ரெட்ஃபிஷோ நீரைக் கூரிய அலையாகத் தள்ளிக்கொண்டு ஒரே சீராகச் செல்லும். வால் தெரியும்போது, ஓரத்தில் நீலம் பாய்ந்த செம்புத் தகடொன்று புல்லிடையே அசைவதுபோல் இருக்கும். உடனே துடுப்பை வைத்துவிட்டு, ஊன்றுகோலைச் சேற்றில் குத்திக் கயாக்கை நிறுத்துங்கள்.

மீனின் தலைமேல் வீசாதீர்கள். தலை எந்தப் பக்கம் இருக்கிறதென்று தீர்மானித்து, அதற்கு ஐந்தாறு அடி முன்னாலும் சற்று அப்பாலும் ஸ்பூனை விழச்செய்து, அதன் வழியைக் குறுக்கே கடக்குமாறு மெதுவாகச் சுற்றி இழுங்கள். எந்த நண்டும் மீனின் வாயை நோக்கி ஓடி வருவதில்லை என்பதால், எதிரே பாய்ந்து வரும் இரை அதை மிரட்டவே செய்யும்.

கவ்வியதும் மீன் கயாக்கையே இழுத்துச் செல்லும். இழுக்கட்டும், அதில்தான் அது களைக்கும். ரீலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, கோலை முன்முனையை நோக்கியே வைத்திருங்கள். பக்கவாட்டில் திருப்பிச் சாய்ந்தால் கவிழ நேரிடும்.

டெக்சாஸில் 20 முதல் 28 அங்குலம் வரையுள்ள மீன்களில் ஒரு நாளைக்கு மூன்றை வைத்துக்கொள்ளலாம். மீன்பிடி உரிமச் சீட்டும் கடல்நீரில் பிடிப்பதற்கான ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். 1981இல் இம்மாநிலம் தன் நீரில் பிடிபடும் ரெட்ஃபிஷின் விற்பனையைத் தடைசெய்தது. பெரிய மீன்களே முட்டையிடுபவை என்பதால் அவற்றை வயிற்றுக்கடியில் தாங்கிப் பிடித்து நீரிலேயே விட்டுவிடுவது நல்லது.

இறங்கி நடக்க நேர்ந்தால், பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும். இக்கரையில் தென்கிழக்குக் காற்று பிற்பகலில் வலுக்கும். எனவே காலையில் காற்றை எதிர்த்துத் துடுப்பிட்டுச் சென்றால், களைத்துத் திரும்பும்போது அது பின்னாலிருந்து தள்ளும்.